பொன்னாடைக்குள் பேசிய விலை

கடைசி விலை என்னன்னு வாயால கேட்டீங்க பாருங்க சார், அங்கேதான் தப்பு. விலைங்கிறது வாயால பேசுற சமாச்சாரமா? உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. பேனாவைப் பைக்குள்ள வைங்க, எழுத வேண்டியது இப்ப ஒண்ணும் இல்லே. டீ குடிப்பீங்கல்ல? டீக்குக் காசு கிடையாது, பயப்படாதீங்க.

வேன்தான் வேணும், அதுவும் பன்னெண்டு சீட்டுதான் வேணும்னு நிக்கிறீங்க. குடும்பம் பெரிசு போலிருக்கு. சரி, அது உங்க சொந்த விஷயம். அதோ நிக்குதே வெள்ளை, அதுக்கு அக்கா ஒண்ணு இருந்தது. அதுவும் வெள்ளை, அதுவும் பன்னெண்டு சீட்டு. அது இங்கேயிருந்து எப்படிப் போச்சுங்கிறதைக் கேட்டுட்டு அப்புறம் விலைப் பேச்சுக்கு வாங்க. அப்பதான் நான் எப்படிப்பட்ட ஆளுன்னு உங்களுக்குத் தெரியும்.

என் பேரு வெளியே போர்டுலயே இருக்கு, மருதமுத்து. ஊரு மணப்பாறைப் பக்கம். எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம், மிச்சப் படிப்பு மாட்டுச் சந்தையில. தரகு வேலை. சந்தையில விலையை வாயால சொல்ல மாட்டோம். தோள்ல கிடக்குற துண்டை எடுத்து ரெண்டு பேர் கைமேலயும் போட்டு, உள்ளே விரலைப் பிடிப்போம். ஒரு விரலைப் பிடிச்சா ஆயிரம், ரெண்டு பிடிச்சா ரெண்டாயிரம், அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடிச்சா அஞ்சாயிரம். சுத்தி நாப்பது பேர் நின்னாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. படிஞ்சிடுச்சுன்னா எதிராளி கையை நம்ம ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிக்கணும். முடிஞ்சது. அதுக்கப்புறம் பேச்சு மாறினவன் சந்தைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

அப்புறம் என் சம்சாரம் லோகுவுக்கு இங்கே நியூஜெர்சியில நர்ஸு வேலை கிடைச்சது. நான் அவ பெட்டிக்கு ஒத்தாசையா வந்தேன். முதல் மூணு வருஷம் இன்னொருத்தன் கடையில கார் கழுவினேன். அவன் என்னை என்னென்ன பேர் சொல்லிக் கூப்பிட்டான்கிறதைக் கேட்டா இந்த டீ உள்ளே இறங்காது. இன்னைக்கு அந்தக் கடை என்னுது. மாட்டுக்குப் பல்லைப் பார்ப்போம், காருக்கு டயரைப் பார்க்கிறேன். வாலைத் தூக்கிப் பார்க்கிறதுக்குப் பதிலா டிக்கியைத் தூக்கிப் பார்க்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு ஒரே பொண்ணு, பொன்னரசி. சின்னதுல அவளுக்கும் இந்த விரல் பாஷையைச் சொல்லிக் குடுத்தேன். தூங்கப் போகும்போது போர்வைக்குள்ள கையை விடுவோம். எத்தனை கதை? நான் ஒரு விரல், அவ மூணு விரல். ஐஸ்கிரீம் வேணுமா? நாலு பெருக்கல் கணக்குப் போடுன்னு நான் நாலு விரலைப் பிடிப்பேன். அவ ஒரு திருட்டுத்தனம் வச்சிருந்தா சார். விரலையே குடுக்காம கையை இறுக்கி மூடிக்குவா. சும்மா குடுன்னு அர்த்தம். சந்தையில அப்படி ஒரு சைகையே கிடையாது! இது செல்லாது கண்ணுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேக்கவே மாட்டா. கடைசியில ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துத்தான் தூங்க வைக்கணும்.

ஒன்பது வயசு வரைக்கும் அந்த விளையாட்டு நடந்தது. அப்புறம் நின்னுபோச்சு. ஏன்னு கேளுங்க. ஒண்ணுமில்லே, அல்ப விஷயம். அவ ஸ்கூல்ல ஏதோ நல்ல காரியத்துக்குன்னு கேக்கு வித்தாங்க. ஒண்ணு ஒரு டாலர். நான் டீச்சர்கிட்ட மூணை ரெண்டு டாலருக்குக் கேட்டேன். அந்தம்மா சிரிச்சாங்க. நான் வேண்டாம்னு போற மாதிரி நாலு அடி நடந்தேன், கூப்பிடுவாங்கன்னு. கூப்பிடலே. நானே திரும்பி வந்து, "ஓரமெல்லாம் கருகியிருக்கு, இதுக்கா ஒரு டாலரு?"ன்னு சத்தம் போட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அது எங்க லோகு சுட்டு அனுப்பின கேக்குன்னு. மூணும் ரெண்டு டாலருக்குக் கிடைச்சது, அது வேற விஷயம். அன்னைக்குக் கார் நிறுத்தின இடத்துல என் கையை உதறினவதான், அதுக்கப்புறம் வெளியில எங்கேயும் என் கையைப் பிடிச்சதில்லே. அந்த வயசுல எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே சார்? நான் அதைப் பெரிசாவே எடுத்துக்கலே. இருபத்தி ரெண்டு வருஷமாச்சு. பெரிசாவே எடுத்துக்கலே.

இப்ப அவ இங்கே பக்கத்து ஊரு எடிசன்ல ஒரு இளைஞர் மையம் நடத்துறா. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை, நேபாளம்னு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சாயங்காலம் வந்து படிக்கும், பந்து விளையாடும். போன வருஷம் ஐப்பசியில போன் பண்ணினா.

"அப்பா, குளிர் வந்துடுச்சு. பிள்ளைங்க இருட்டுல நடந்து வீட்டுக்குப் போகுது. உங்ககிட்ட அந்த வெள்ளை வேன் சும்மாதானே நிக்குது?"

"நிக்குது கண்ணு. பதினாலாயிரம். உனக்குன்னா பதினொண்ணு."

போனை வச்சுட்டா. மூவாயிரம் டாலர் குறைச்சுச் சொன்னேன் சார்! பெத்த பொண்ணுங்கிறதுக்காக! நன்றின்னு ஒரு வார்த்தை? இல்லே. ஒரு மாசம் போனே இல்லே.

நான் கோபக்காரன் இல்லே. மேசையைத் தட்டினது பழக்கம். டீ சட்டையில பட்டுடுச்சா? துடைச்சுக்கங்க.

அப்புறம் ஒருநாள் அவளே கூப்பிட்டா. "அப்பா, டிசம்பர்ல மையத்துக்கு நிதி திரட்டுற விருந்து. சமூகத்துல முக்கியமானவங்க நாலு பேரைக் கௌரவிக்கிறோம். கமிட்டியில உங்க பேரைச் சொல்லியிருக்காங்க."

"எவ்வளவு?"

"பார்த்தீங்களா!"

"எவ்வளவு நேரம்னு கேட்டேன்மா."

அப்புறம் சொன்னா: "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். கமிட்டி கேக்கலே. புதுசா வந்தவங்களுக்கெல்லாம் நீங்க வட்டியில்லாம தவணையில கார் குடுத்தீங்களாம்." வட்டியை நான் முதல்லயே விலையோட சேர்த்துட்டது கமிட்டிக்குத் தெரியாது. நான் ஏன் சொல்றேன்? "ஆனா ஒண்ணு. அன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்க யார்கிட்டயும் விலை பேசக்கூடாது. பேசினீங்கன்னா அதோட நமக்குள்ள பேச்சு இல்லே. நெசமாத்தான் சொல்றேன்பா."

அவ குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லே. பழனி முருகன் படத்துக்கு முன்னாடி நின்னு சத்தியம் பண்ணினேன். வாயைத் திறந்து விலை பேச மாட்டேன்னு. வாயைத் திறந்துன்னு சொன்னேன், அதை ஞாபகம் வச்சுக்கங்க.

பெரிய ஓட்டல். வாசல்லயே ஒருத்தன் கார் சாவியைக் கேட்டான், நிறுத்துறதுக்கு இருபது டாலராம். இவனுக்கு நான் கார் நிறுத்தக் கத்துக்குடுக்கணும், இவன் என்கிட்ட இருபது கேக்கிறான்! லோகு என் இடுப்புல கிள்ளினா. குடுத்தேன். உள்ளே கோட்டைக் கழட்டி மாட்ட அஞ்சு டாலர். கிள்ளு. குடுத்தேன். சாப்பாடு வந்தது. அவ்வளவு பெரிய தட்டு, நடுவுல சுண்டுவிரல் அளவு பன்னீர், அதைச் சுத்தி மூணு பட்டாணி. நான் பட்டாணியைத்தான் எண்ணினேன், ஒரு வார்த்தை பேசலே. அதுக்கே கிள்ளினா. மேசையில ஆளுக்கொரு மஞ்சள் பேனா வச்சிருந்தாங்க, மையத்தோட பேர் போட்டது. அது சும்மா. நான் நாலு எடுத்துக்கிட்டேன்.

சுவரோரமா சாமான்களைப் பரப்பி, பக்கத்துல காகிதம் வச்சிருந்தாங்க. வாயால கேக்காம எழுதிக் கேக்குற ஏலமாம். ஒருத்தர் ஒரு பூச்சாடிக்கு அறுபதுன்னு எழுதுறார். அடுத்தவர் வந்து பார்த்துட்டு எண்பதுன்னு எழுதுறார். பேப்பரைத் தவிர எதிர்ல ஆளே இல்லே! தனக்குத்தானே விலையை ஏத்திக்கிறானுங்க! படிச்சவனுங்க, டாக்டருங்க! நான் கொஞ்ச நேரம் நின்னேன். பேனாவை எடுத்தேன். பூச்சாடிக்குக் கீழே "இருபத்தஞ்சு, கீறல் இருக்கு"ன்னு எழுதிட்டேன். எழுதினேன் சார், பேசலே. லோகு என்னை இழுத்துட்டுப் போய் உட்கார வச்சா.

எங்க மேசையில அன்னைக்குத் தலைமை விருந்தாளி, ஒரு சர்தார்ஜி. பல்தேவ் சிங். எழுபது லாரி ஓட்டுறார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பஞ்சாபி தெரியாது, ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. போன்ல அவங்க அப்பா படத்தைக் காட்டினார். பக்கத்துல ஒரு எருமை, கரும்பாறை மாதிரி. அப்பா எருமை வியாபாரமாம். நான் ரெண்டு கையையும் தலையில கொம்பு மாதிரி வச்சுக் காட்டி, "நான் மாடு"ன்னேன். மனுஷன் என் முதுகுல ஒண்ணு வச்சார் பாருங்க, வாயில இருந்த பட்டாணி தெறிச்சுது.

அப்ப பொன்னரசி மேடையில பேச வந்தா. எங்க பொண்ணா அதுன்னு இருந்தது. பிள்ளைங்க இருட்டுல நடந்து போறதைச் சொன்னா. ஒரு பையன் பனியில வழுக்கி விழுந்து கையை முறிச்சுக்கிட்டதைச் சொன்னா. ஒரு வேன் வேணும்னா. என் பக்கம் பார்க்கவே இல்லே. சர்தார்ஜி என் காதுல, "உன் கடையில வேன் இருக்கா? எவ்வளவு? நான் வாங்கிக் குடுக்கிறேன்"னார்.

கொடுமையைப் பாருங்க சார். வாங்க ஆள் தயாரா இருக்கான், விக்க வேன் இருக்கு, வாய்க்குப் பூட்டு! லோகுவோட நகம் இடுப்புலயே நிக்குது. "விலை பேச மாட்டேன், பொண்ணுக்கு சத்தியம்"னு சொல்லி வாயைப் பொத்திக் காட்டினேன். அவர் தாடியைத் தடவிக்கிட்டு என்னையே பார்த்தார்.

என் பேரைக் கூப்பிட்டாங்க. மேடையில ஒரு அம்மா மைக்ல என்னைப் பத்தி வாசிக்கிறாங்க. "கணக்குப் பார்க்காமல் கொடுக்கும் கை"ன்னு. சர்தார்ஜி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். தமிழ்ச் சங்கத்துக்காரங்க வாங்கிக் குடுத்தது, நல்ல அகலம், ஜரிகை மட்டும் ஒரு சாண். போர்த்திட்டுக் கை குடுத்தார். பொன்னாடையோட ஒரு முனை எங்க ரெண்டு பேர் கைமேலயும் விழுந்து மூடிக்கிச்சு.

உள்ளே என் விரலைப் பிடிச்சார் சார்.

அஞ்சு. அப்புறம் ஒண்ணு. ஆறாயிரம்!

சந்தையை விட்டு இருபத்தெட்டு வருஷம் கழிச்சு துணிக்குள்ள ஒரு வியாபாரி கை! அவங்க ஊரு எருமைச் சந்தையிலயும் இதே பாஷைதான்னு எனக்கு எப்படித் தெரியும்? மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. ஆனா ஆறாயிரமா? பதினாலாயிரம் வண்டிக்கு ஆறா? இன்ஜினை மட்டும் கேக்கிறானா? நான் அஞ்சைப் பிடிச்சேன், மறுபடி அஞ்சைப் பிடிச்சேன், மேல ரெண்டு. பன்னெண்டு. அவர் கண்ணை உருட்டினார். அஞ்சும் ரெண்டும். நான் தலையை ஆட்டினேன். அஞ்சும் அஞ்சும் ஒண்ணும். அவர் கீழுதட்டைப் பிதுக்கினார். நான் போற மாதிரி உடம்பைத் திருப்பினேன். அவர் கையை விடலே, இழுத்து நிறுத்தினார்.

பின்னாடி பெரிய திரையில எங்க ரெண்டு பேர் மூஞ்சியும் பூதாகாரமாத் தெரியுதாம். எனக்கென்ன தெரியும்? சபையில ஐநூறு பேர் பார்க்கிறாங்க, ரெண்டு கிழவனுங்க கையை விடாம நிக்கிறாங்க, கண்ணு கலங்குது, உதடு துடிக்குது. மைக்ல இருந்த அம்மா, "பாருங்கள், மொழி வேறு, மதம் வேறு, இதயம் ஒன்று"ன்னாங்க. எல்லாரும் எழுந்திரிச்சுக் கைதட்டுறாங்க. முன் வரிசையில ஒரு பாகிஸ்தான்காரம்மா துப்பட்டாவால கண்ணைத் துடைச்சுக்கிறாங்க. நாங்க அப்ப எட்டுக்கும் பத்துக்கும் நடுவுல நிக்கிறோம்.

அஞ்சும் நாலும். ஒன்பது. அந்த இடத்துல ரெண்டு பேரும் மூச்சு விட்டோம். பொத்திப் பிடிக்க இடது கையைத் தூக்கினேன்.

பொன்னரசி எனக்குக் குடுக்க வேண்டிய ஷீல்டோட பக்கத்துல நிக்கிறா.

சபையில ஒருத்தருக்கும் தெரியாதது அவளுக்குத் தெரியும். பொன்னாடை எங்கே மேடு தட்டி அசையுதுன்னு பார்த்தா. முகத்துல சிரிப்பு, அது கேமராவுக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தமிழ்ல கேட்டா: "என்ன விலை?"

"நான் வாயைத் திறக்கவே இல்லையேம்மா."

"என்ன விலைப்பா?"

"...ஒன்பது. ஆறுலேருந்து ஏத்தியிருக்கேன்."

அவ முகம் எப்படி ஆச்சுன்னு சொல்லவா? கேக்கு வித்த அன்னைக்கு இருந்ததே, அதே முகம். அதே ஒன்பது வயசு முகம். சிரிப்பு மட்டும் மேல ஒட்டிக்கிட்டிருக்கு. இப்ப உதறிட்டுப் போயிடுவா, இந்தத் தடவை திரும்ப மாட்டாள்னு எனக்குப் பட்டது.

அவ போகலே. ஷீல்டை சர்தார்ஜி கையில திணிச்சா. அவர் கையை வெளியே எடுத்துவிட்டா. தன் கையைப் பொன்னாடைக்குள்ள விட்டா.

கையை இறுக்கி மூடியிருந்தா சார்.

நான் அஞ்சும் நாலும் பிடிக்கப் பார்த்தேன். மூடின கை. எட்டுன்னு அமுக்கினேன். மூடின கை. இது செல்லாதும்மான்னு கண்ணாலயே சொன்னேன். அவ கண்ணு இமைக்கலே. ஏழு. ஆறு. அந்தப் பக்கம் கைதட்டல் நிக்கவே மாட்டேங்குது. அஞ்சு. நாலு. நான் இவ்வளவு வேகமா எந்த மாட்டுக்கும் இறங்கினதில்லே. ரெண்டு. ஒண்ணு. ஒரே ஒரு விரல், ஆயிரம் டாலர், என் மானத்துக்காகவாவதுன்னு கெஞ்சினேன். மூடின கை. சில்லுனு இருந்தது. போர்வைக்குள்ள மூடிக்குவாளே, அதே கை.

ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுட்டேன்.

அவ மைக்கை வாங்கி, "எங்க அப்பா மையத்துக்கு வேனை இலவசமாக் குடுத்துட்டார்"னா. கூரை இடிஞ்சு விழுற மாதிரி சத்தம். சர்தார்ஜிதான் கொதிச்சுட்டார். "எனக்கு ஒன்பது, அவளுக்கு சும்மாவா? நான் என்ன இளிச்சவாயனா?"ன்னு என் சட்டையைப் பிடிக்க வந்தார். படிஞ்ச விலை படிஞ்சதுதான்னு அந்த ஒன்பதாயிரத்தையும் அங்கேயே மையத்துக்கு எழுதிக் குடுத்துட்டார். வேன் ஓட்டுற டிரைவர் சம்பளம், பெட்ரோல், எல்லாம் அதுலதான் ஓடுது. யோசிச்சுப் பாருங்க, நான் மட்டும் பேரம் பேசாம இருந்திருந்தா அது வந்திருக்குமா? இதை லோகுகிட்ட சொன்னா கிள்ளுறா.

மேடையிலேருந்து இறங்க ஏழு படி. பொன்னரசி என் கையை விடலே. படி இறங்கியும் விடலே. சபை நடுவுல, அத்தனை பேர் பார்க்க, மேசை வரைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தா. நான் ஒண்ணும் சொல்லலே. சொன்னா விட்டுடுவாளோன்னு. மேசைகிட்ட வந்ததும் காதுல, "அந்தப் பூச்சாடிக்கு இருபத்தஞ்சுன்னு எழுதினது நீங்கதானே?"ன்னா.

எழுத்து மோசம்னு வச்சுக்கங்க, மகள் கண்டுபிடிச்சுட்டா.

அதான் சார் கதை. அந்தப் பொன்னாடைதான் இது, உங்க நாற்காலி முதுகுல கிடக்கே. அன்னையிலேருந்து இங்கே வாயால வியாபாரம் இல்லே. அதை எடுத்து இப்படிப் போடுங்க. கையை உள்ளே விடுங்க, கூச்சப்படாதீங்க. அந்த வெள்ளை வேனுக்கு நான் பதிமூணு நினைச்சிருக்கேன். அஞ்சு... அஞ்சு... மூணு. தெரிஞ்சதா? இப்ப நீங்க உங்க விலையைப் பிடிங்க.

என்ன இது?

என்ன சார் இது, கையை மூடிக்கிறீங்க? கதை கேட்டதுக்கு இதுதான் மரியாதையா? விரலைக் குடுங்க. இது சந்தையில செல்லாதுன்னு இப்பதானே சொன்னேன்!

இருங்க. கையை எடுக்காதீங்க. உங்க பையில இருக்கிற பேனாவைக் கொஞ்சம் காட்டுங்க. மஞ்சள். மையத்தோட பேர் போட்டது.

அவளா அனுப்பினா? ஒரு வேன் பத்தலையாமா? பிள்ளைங்க இருபத்தி மூணு ஆயிடுச்சா? ஏன், அவளே வந்து கேட்டா என்ன, கடைக்கு வழி தெரியாதா? ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றாளாமா? நெசமாவா? லோகுகிட்ட சொல்லணும்.

சரி. விலை வேண்டாம். டயர் நாலும் உங்க மையத்து செலவு, புதுசாப் போட்டுக்கங்க. என்ன, மறுபடியும் மூடுறீங்க? ரெண்டு. முன் டயர் ரெண்டு மட்டும். சார், விரலைக் குடுங்க சார்... சரி, ஒரே ஒரு டயர்?